பைதனில் செய்த அட்டவணை மெயிலில் போனதும் கலர் எல்லாம் போய்விடுகிறது, உதவி தேவை

வாடிக்கணக்கு:
அண்ணாமார், அக்காமார், திருகோணமலையில் கொட்பேப் பக்கம் ஒரு மீன் வாடியில் கணக்கு எழுதுகிறேன். இரவு லொறி வெளிக்கிட முதல் அன்றைய மீன் விபரம் கொழும்பு வியாபாரிக்கு மெயிலில் போய்விட வேண்டும். மீன், கிலோ, விலை, தொகை, குறிப்பு என்று ஐந்து நிரல்தான். இவ்வளவு நாளும் எக்ஸலில் இருந்து கொப்பி பண்ணி ஒட்டினேன். இப்போது பைதன் படிக்கிறபடியால் பாண்டாஸில் (அட்டவணை கையாளும் பைதன் நூலகம்) வாசித்து, ஸ்டைலர் (அதில் நிறம் போடும் கருவி) போட்டு, அனுப்புவதையும் கோடிலேயே செய்துவிட்டேன்.

ஃபைலாகச் சேமித்து பிரவுசரில் திறந்தால் நீலத் தலைப்பு, ஒரு வரி விட்டு ஒரு வரி சாம்பல், நல்ல வடிவு. அதையே எனக்கு அனுப்பி ஜிமெயிலில் பார்த்தால் கட்டக் கோடுகூட இல்லாமல் சொற்கள் மட்டும் நிற்கின்றன. வியாபாரியின் கந்தோரில் அவுட்லுக். அங்கே வரி மாறி வரும் நிறமும் இல்லை, மூலை வளைவும் இல்லையாம். எங்கே பிழை விட்டேன்? (போனில் இருந்து எழுதுவதால் கோட் சொற்களும் தமிழிலேயே வருகின்றன, குறை நினைக்க வேண்டாம்.)

கிண்ணியா தம்பி:
அட்டவணையைப் படமாக எடுத்து அனுப்பினால் முடிந்தது. ஏன் இவ்வளவு பாடு?

வாடிக்கணக்கு:
சரிவராது தம்பி. அவர் கிலோவையும் தொகையையும் எடுத்துத் தன் கணக்கில் ஒட்டுகிறவர். படத்தில் இருந்து எப்படி ஒட்டுவது?

உப்புவெளிக்காரன்:
தங்கச்சி, கோடில் பிழை இல்லை. ஸ்டைலர் என்ன செய்கிறதென்றால், கலர் விபரம் முழுவதையும் ஒரு ஸ்டைல் பகுதியாக அட்டவணைக்கு மேலே எழுதுகிறது. அட்டவணைக்கு ஓர் அடையாளப் பெயர் கொடுத்து, அந்தப் பெயருக்கு இன்ன நிறம் என்று அங்கே சொல்லி வைக்கிறது. பிரவுசர் அதைத் தேடிப் பொருத்திக்கொள்ளும். ஜிமெயில் ஸ்டைல் பகுதியை ஹெட்டுக்குள் (எச்டிஎம்எல்லின் தலைப்பகுதி) இருந்தால்தான் மதிக்கும், அதுவும் 2016க்குப் பிறகுதான். பொடிக்குள் (உள்ளடக்கப் பகுதி) கிடந்தால் தூக்கி எறிந்துவிடும். வேறு நிறுவன மெயில் கணக்கை ஜிமெயில் ஆப்பில் சேர்த்துப் பார்ப்பவருக்கோ ஹெட்டுக்குள் வைத்தாலும் பலன் இல்லை.

அவுட்லுக் கதை வேறு. விண்டோஸில் 2007இல் இருந்து அது மெயிலை வேர்ட்டின் இன்ஜினை வைத்துத்தான் வரைகிறது. ‘என்த் சைல்ட்’ என்று எழுதி வரிக்கு வரி நிறம் மாற்றுவதும், மூலை வளைப்பதும் அதற்குப் பிடிபடாது. புதிய அவுட்லுக் அப்படி இல்லை, ஆனால் பழையதை வைத்திருக்கும் கந்தோர்களும் உண்டு.

ஆகவே நிறத்தை ஒவ்வொரு கட்டத்துக்குள்ளேயும் எழுத வேண்டும், இன்லைன் ஸ்டைல் என்பார்கள். இப்போதைக்குக் குறுக்கு வழி: ஸ்டைலரை விட்டுவிட்டு வெறும் டு_எச்டிஎம்எல் (அட்டவணையை எச்டிஎம்எல்லாக எழுதித் தரும் பாண்டாஸ் கட்டளை) போடுங்கள், இன்டெக்ஸ் ஃபால்ஸ் (வரி எண் வேண்டாம்), போர்டர் 0. அது எழுத்துச் சரமாகத்தான் வரும். அதில் டிஎச் (தலைப்புக் கட்டம்), டிடி (மற்றக் கட்டம்) என்ற டேக்குகள் திறக்கும் இடங்களை ரிப்ளேஸ் செய்து, பேடிங் (உள் இடைவெளி), போர்டர், பின்னணி நிறம் எழுதிய டேக்காக மாற்றிவிடுங்கள். தலைப்பு வரியைப் பாண்டாஸ் வலப்பக்கம் ஒதுக்கி வைக்கும், டிஎச்சில் இடப்பக்கம் என்றும் எழுத மறக்க வேண்டாம்.

ஊர்விட்டவன்:
ப்ரீமெயிலர் என்றொரு பைதன் நூலகம் இருக்கிறது. ஸ்டைல் பகுதியில் உள்ளதை ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அதுவே இறக்கிவிடும். ப்ரிட்டி எச்டிஎம்எல் டேபிள் என்பதும் உண்டு, நிறப் பெயர் ஒன்றைக் கொடுத்தால் போதும். ஆனால் இருபது வரி மீன் கணக்குக்கு உப்புவெளி அண்ணா சொன்னதே காணும்.

வாடிக்கணக்கு:
அண்ணா, நிறம் வந்துவிட்டது! இரண்டிலும்! ஆனால் புதுச் சிக்கல். குறிப்பு நிரலில் பாதியில் வெட்டி மூன்று புள்ளி வைக்கிறது. ‘அறக்குளா ஐஸ் குறைவு, முதலில் இறக்கவும், மற்றதெல்லாம் இரண்டாவது பெட்டியில்’ என்று எழுதினால் ‘இறக்கவும்’ தாண்டியதுமே நின்றுவிடுகிறது. ஸ்டைலரில் இப்படி வரவில்லை.

உப்புவெளிக்காரன்:
அடடா, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். டு_எச்டிஎம்எல் ஒரு கட்டத்தில் 50 எழுத்துக்கு மேல் போனால் வெட்டும். இதில் தமிழுக்கு நட்டம் அதிகம். ‘அறக்குளா’ உங்கள் கண்ணுக்கு 5 எழுத்து. பைதனுக்கு அது 8, ஏனென்றால் புள்ளியையும் உகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணும். சில இடத்தில் புள்ளியைக் கழற்றிவிட்டு ‘க்’ என்பதை ‘க’ ஆக்கியும் வெட்டும், வியாபாரி வேறு சொல் என்று நினைப்பார். செட்_ஆப்ஷனில் டிஸ்ப்ளே.மாக்ஸ்_கோல்விட்த் என்பதை நன் (None, அதாவது எல்லை இல்லை) என்று வைத்துவிடுங்கள்.

ஊர்விட்டவன்:
இனி சாம்பல் வரி. ரிப்ளேஸால் அது வராது. வரிகளை ஃபோர் லூப்பில் ஓட்டி டிஆர் (ஒரு வரிக்கான டேக்), டிடியை நீங்களே எழுதுங்கள். வரி எண்ணை இரண்டால் வகுத்து மீதி பார்த்து நிறத்தைத் தீர்மானியுங்கள். ஒன்று மட்டும் கவனம்: கையால் எழுதும்போது ஒவ்வொரு மதிப்பையும் எச்டிஎம்எல்.எஸ்கேப்புக்குள் (கோண அடைப்பு போன்ற குறிகளை வெறும் எழுத்தாகக் காட்ட வைப்பது) போட வேண்டும். டு_எச்டிஎம்எல் அதைத் தானாகச் செய்தது. நான் ஒருமுறை குறிப்பில் படகு எண்ணைக் கோண அடைப்புக்குள் ஆங்கில எழுத்தில் எழுதி, அது மெயிலில் காணாமல் போய் அரை நாள் தேடினேன். மெயில் அதை ஒரு டேக் என்று நினைத்து விழுங்கிவிட்டது.

கிண்ணியா தம்பி:
இன்லைன் எழுதினால் மெயில் பெருத்துவிடாதா?

ஊர்விட்டவன்:
பெருக்கும். ஜிமெயில் 102 கேபிக்கு மேல் போனால் மிச்சத்தை மறைத்துவிடும். மாதக் கணக்கு முழுவதையும் அனுப்பினால் பார்க்க வேண்டியதுதான், ஒரு நாள் மீனுக்குப் பயமில்லை.

வாடிக்கணக்கு:
எல்லோருக்கும் நன்றி. லூப் எழுதி, எஸ்கேப் போட்டு, நேற்று இரவு அனுப்பினேன். சாம்பல் வரி, நீலத் தலைப்பு, குறிப்பும் முழுசாகப் போயிருக்கிறது. வியாபாரியின் பதில் இன்று காலை வந்தது. நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ‘சூரை விலை கூட, குறைத்து அனுப்பவும்’ என்று மட்டும் இருக்கிறது.