பின் சீட்டில் ஒரு ஆள்: அன்றாட வேலையைக் கவனித்தவர்களும் கவனிக்கப்பட்டவர்களும்

(நாலு பேர் பேசுகிறார்கள். ஜம்ப்சீட்: விமானத்தில் கவனித்தவர். ஸ்ட்ரிப்: விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்ப்பவர். புஷ்பேக்: விமான நிலையத் தரைப் பணியாளர். வலது சீட்: கவனிக்கப்பட்ட கோ-பைலட்.)

ஜம்ப்சீட்

லோசா (LOSA) என்பது அன்றாட விமானப் பயணத்தைக் கூட இருந்து கவனிக்கும் பாதுகாப்பு ஆய்வு. இது இன்னொரு செக் ரைடுதானே, அதாவது விமானியைச் சோதிக்கும் தேர்வுதானே என்று கேட்பவர்கள் நிறைய. இல்லை. செக் ரைடில் லைசென்ஸ் பணயத்தில் இருக்கிறது, அதனால் அன்றைக்கு எல்லோரும் புத்தகத்தில் உள்ளபடியே பறப்பார்கள். லோசாவில் பயணிகளோடு போகும் சாதாரண விமானத்தில், விமானிகளுக்குப் பின்னால் ஜம்ப்சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வெளியிலிருந்து என்னென்ன தொந்தரவு வந்தது, உள்ளே என்ன தவறு நடந்தது, அதை யார் எப்படிப் பிடித்தார்கள் என்று மட்டும் பார்ப்பார். வளைகுடா நிறுவனம் ஒன்றில் சில காலம் அந்த வேலை பார்த்தேன்.

ஒரு பயணம் நன்றாக நினைவிருக்கிறது. ஜூன் மாத மதியம், சென்னைக்கு வந்துகொண்டிருந்தோம். மேற்குக் காற்று அடிப்பதால் 25-ம் ரன்வே, அதாவது மேற்கு பார்த்து இறங்குவது என்று திட்டம். அப்படியென்றால் மேற்கிலிருந்து வரும் விமானம் ஊரைத் தாண்டிக் கடல் பக்கம் போய்த் திரும்பி இறங்க வேண்டும். இறங்கும் தூரம், வேகம், கணினியில் ஏற்றிய பாதை எல்லாம் அந்தக் கணக்குக்குத்தான். பாதி இறங்கும்போது கடல்காற்று உள்ளே வந்துவிட்டது. “ரன்வே 07 எடுத்துக்கொள்கிறீர்களா?” என்று ஏடிசி, அதாவது தரையில் உள்ள விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, கேட்டது. அதே ஓடுபாதைதான், எதிர்ப்பக்கத்திலிருந்து கிழக்கு பார்த்து இறங்குவது. சென்னைக்காரர்களுக்கு இது கோடைகாலத்து வாடிக்கை.

கேட்பதற்கு நல்ல செய்தி மாதிரி இருக்கும். சுற்ற வேண்டாம், நேரே போய் இறங்கிவிடலாம். ஆனால் பறக்க வேண்டிய தூரம் திடீரென்று குறைந்துவிட்டது, விமானமோ பழைய கணக்கின் உயரத்தில் நிற்கிறது. கணினியில் புது ரன்வே ஏற்ற வேண்டும், எப்படி இறங்குவது என்று இருவரும் மறுபடி பேசி பிரீஃபிங் செய்ய வேண்டும், நடுவில் ரேடியோ வேறு. யாரும் தவறு செய்யவில்லை, ஆனாலும் ஆபத்து உள்ளே வந்துவிட்டது. எங்கள் படிவத்தில் இதற்கு ‘திரெட்’ என்று கட்டம் உண்டு.

அந்த நெருக்கடியில்தான் அது நடந்தது. ஏடிசி ஐயாயிரம் அடி என்றது. கோ-பைலட் ஐயாயிரம் என்று சரியாகத் திருப்பிச் சொன்னார். கேப்டன் உயரக் குமிழில் நாலாயிரத்தைத் திருகி வைத்தார். கோ-பைலட் கம்பெனியில் சேர்ந்து அதிக நாள் ஆகாத பையன், கேப்டன் பெரிய சீனியர். பையன் விரலை அந்த எண்ணுக்கு நேரே நீட்டி, “ஃபைவ் தௌசண்ட், கேப்டன்” என்றான். கேப்டன் பார்த்தார், மாற்றினார், “தேங்க்ஸ்” என்றார். அப்புறம் அவரே, “நாம உயரத்துல இருக்கோம், இன்னும் பத்து மைல் சுத்திவிடச் சொல்லு” என்றார். ஏடிசியும் சுற்றிவிட்டது. ஆயிரம் அடியில் எல்லாம் நிலையாக இருந்தது, இறங்கினோம்.

இந்தப் பயணம் எந்த விபத்து அறிக்கையிலும் வராது. ஃப்ளைட் ரெக்கார்டரை எடுத்துப் பார்த்தாலும் உயரக் குமிழ் ஒரு தரம் தப்பாகத் திரும்பி, பிறகு சரியானது மட்டும்தான் தெரியும். விரல் நீட்டியது எந்தப் பெட்டியிலும் பதிவாகாது. எனக்கு அந்த விரல்தான் முக்கியம்.

ஸ்ட்ரிப்

ஏடிசி பக்கமும் இது உண்டு. பெயர் நாஸ் (NOSS), லோசா மாதிரியே கன்ட்ரோலர்களின் அன்றாட வேலையைக் கவனிப்பது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ லோசாவுக்கு 2002-ல் கையேடு போட்டது, எங்களுடையது 2008-ல் வந்தது. விமானிக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. காக்பிட்டில் ரெண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். எங்களுக்குப் பல நேரம் தனி ஆள், தனி ஹெட்செட்தான்.

நான் பார்த்த ஷிஃப்டில் ஒரே அலைவரிசையில் ஃபைவ் சிக்ஸ் டூ என்று ஒரு விமானம், ஃபைவ் டூ சிக்ஸ் என்று இன்னொரு விமானம். ஒருவருக்குக் கொடுத்த உத்தரவை மற்றவர் எடுத்துக்கொண்டால் கதை வேறு. அந்தக் கன்ட்ரோலர் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு விமானத்துக்கும் விவரம் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு உண்டு, அதுதான் ஸ்ட்ரிப். அந்த ரெண்டு ஸ்ட்ரிப்பையும் ரேக்கில் சாய்த்து வைத்தார். மற்றதெல்லாம் நேராக இருக்க, அவை மட்டும் கண்ணில் குத்தும். பேசும்போது நம்பரை இழுத்து, பிரித்துப் பிரித்துச் சொன்னார். இப்படிச் செய் என்று அந்த யூனிட்டின் நடைமுறைப் புத்தகத்தில் வரி கிடையாது. சீனியர்களைப் பார்த்து வந்த பழக்கம்.

ஷிஃப்ட் மாறும் நேரத்தையும் கவனியுங்கள். எழுந்து போகிறவர் வாயால் சொல்லிவிட்டுப் போவார். உட்காருகிறவர் கேட்டுக்கொண்டே திரையையும் பார்ப்பார், அதற்குள் ஒரு விமானம் கூப்பிடும். சாய்ந்த ஸ்ட்ரிப்பின் காரணம் அந்த இடைவெளியில் விழுந்துவிடலாம். எங்கள் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வந்தது இதுதான்.

புஷ்பேக்

நான் தரையில் வேலை செய்கிறவன், அதனால் கொஞ்சம் நேராகவே கேட்கிறேன். கையில் அட்டையோடு ஒருத்தர் வந்து நின்றால் எங்கள் பையன்கள் எல்லாம் ஜாக்கெட் மாட்டிக்கொள்வார்கள். சக்கரத்துக்குக் கட்டை, கோன், சுற்றிப் பார்ப்பது எல்லாம் வரிசைப்படி நடக்கும். அவர் போனதும் பழைய கதைதான். முப்பது நிமிடத்தில் விமானத்தைத் திருப்பி அனுப்பச் சொல்கிறவர்கள் அந்த அட்டையில் வருவார்களா? இதில் உண்மை எங்கே கிடைக்கும்?

ஜம்ப்சீட்

நியாயமான கேள்வி அண்ணே. முதல் பத்து இருபது நிமிடம் நடிப்பு இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். வேலை கூடினால் நடிக்க நேரம் இருக்காது. அந்த நாலாயிரம் அடி என் கண் முன்னால்தானே நடந்தது. பார்க்க ஆள் இருக்கும்போதே இவ்வளவு தவறு வருகிறதென்றால், அது ஆட்களின் அலட்சியம் இல்லை, வேலையின் இயல்பு. டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு சேர்த்த பதிவுகளில், பத்து விமானத்தில் சுமார் எட்டில் ஒரு தவறாவது இருந்தது. பெரும்பாலானவற்றால் ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹெல்ம்ரைக் என்ற உளவியல் பேராசிரியரின் குழுதான் 1994-ல் டெல்டா ஏர்லைன்ஸோடு இதைத் தொடங்கியது. வகுப்பில் சொல்லிக்கொடுத்த குழு ஒத்துழைப்பு நிஜ விமானத்தில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் முதலில் போனார்கள். 1996-ல் கான்டினென்டல் நிறுவனத்தில் தவறுகளையும் எண்ண ஆரம்பித்தார்கள். பார்த்ததை வைத்து, தவறு வரும், வந்தால் எப்படிப் பிடிப்பது என்று எல்லா விமானிகளுக்கும் பயிற்சி. 2000-ல் மறுபடி பார்த்தபோது நிலையில்லாமல் இறங்கவருவது 70 சதவீதம் குறைந்திருந்தது.

முப்பது நிமிடக் கேள்விக்கு வருகிறேன். அவசரப்படுத்துவது ‘திரெட்’ பட்டியலில் உண்டு. யார் அவசரப்படுத்தினார்கள் என்பதையும் எழுதலாம். அதைப் படித்துவிட்டு நிர்வாகம் நேரத்தைக் கூட்டுமா என்பது வேறு விஷயம். கூட்டாத இடங்களையும் பார்த்திருக்கிறேன், அங்கே அடுத்த தடவை யாரும் வாயைத் திறப்பதில்லை.

வலது சீட்

பார்க்கப்பட்ட பக்கம் நான். லோசாவுக்குக் கவனிக்க வந்த அம்மா காக்பிட்டுக்கு உள்ளே வந்ததும் முதலில் கேட்டது, “நான் உட்காரலாமா? வேண்டாம்னா வேற ஃப்ளைட்டுக்குப் போறேன், காரணம் சொல்ல வேண்டாம்” என்று. என் கேப்டன் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். வழியெல்லாம் அந்த அம்மா பேனாவையே எடுக்கவில்லை. பேனா அசைந்தால் நாம் திரும்பிப் பார்ப்போம் என்று அவருக்குத் தெரியும் போல. இறங்கிய பிறகு ஹோட்டலில் உட்கார்ந்து எழுதுவாராம்.

டாக்சி போகும்போது, அதாவது விமானம் தரையில் ரன்வேயை நோக்கி ஓடும்போது, நாங்கள் செக்லிஸ்ட் படிக்க, நடுவில் ஏடிசி பாதையை மாற்றியது. கேப்டன், “நிறுத்து, முதல்லேருந்து படி” என்றார். பல மாதம் கழித்து அந்த செக்லிஸ்டில் ரெண்டு வரியை எஞ்சின் போட்டதும், டாக்சிக்கு முன்னாலேயே படிக்கும்படி மாற்றினார்கள். எல்லா விமானங்களிலும் அந்த இடத்தில்தான் படிப்பது அறுபடுகிறது என்று பதிவுகளில் தெரிந்ததாம்.

புஷ்பேக்

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் படிவத்தில் உங்கள் பெயர் இருந்ததா?

வலது சீட்

பெயர் இல்லை, தேதி இல்லை, விமான எண் இல்லை. விமான ரகம், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, அவ்வளவுதான். படிவமும் எங்கள் ஆபீசுக்குப் போகவில்லை, நேராக வெளியில் இருந்த குழுவுக்குப் போனது. அப்புறம் பைலட் சங்கத்து ஆட்களும் நிர்வாகமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ‘இது தவறே இல்லை, இந்த ரகத்துக்கு நடைமுறையே இப்படித்தான்’ என்று அங்கே சிலது அடிக்கப்பட்டும் போனது. எங்கள் சங்கம் கையெழுத்துப் போட்டதே அந்த மேஜைக்காகத்தான்.