கிணற்று நீர்மட்ட அளவுகளை ஒப்பிட அட்டவணையை எப்படி அமைப்பது?

காட்பாடி மாணவி:
அனைவருக்கும் வணக்கம். குடியாத்தம், அணைக்கட்டு வட்டங்களில் நாற்பது பாசனக் கிணறுகளின் நீர்மட்ட மாற்றத்தை ஆராய்கிறேன். எனக்கு முன் ஆய்வு செய்தவர் 2019 மே மாதம் அளந்த குறிப்பேடு அடிக் கணக்கில் உள்ளது. 2022 ஜனவரியில் நான் அளந்தவை மீட்டரில் உள்ளன. ஊர்வாரிச் சராசரி எடுத்தால் எல்லா ஊரிலும் நீர் உயர்ந்திருக்கிறது. ஒரே ஓர் ஊரில் மட்டும், கிணறுகள் வறண்டு கிடந்த 2019-இல்தான் தண்ணீர் மேலே இருந்ததாக வருகிறது. எங்கே தவறியது?

நீரளவையாளர்:
அந்த ஊரின் பக்கத்தில் 0 என்று எழுதிய இடங்கள் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். தரையிலிருந்து தண்ணீர் வரையுள்ள ஆழத்தை அளக்கும்போது 0 என்றால் கிணறு தளும்பி நிற்கிறது என்று பொருள். வறண்ட கிணற்றுக்கு அதையே எழுதினால் சராசரி தலைகீழாகிவிடும். 60 அடிக் கிணறு வறண்டிருந்தால், நீர் 60 அடிக்குக் கீழே போய்விட்டது என்பது மட்டுமே நமக்குத் தெரியும். ஆகவே அளவுக் கட்டத்தை வெறுமையாக விட்டு, அடுத்த கட்டங்களில் ‘வறண்டது’ என்பதையும் கிணற்றின் மொத்த ஆழத்தையும் எழுதுங்கள்.

ஒரு கிணற்றை ஒரு முறை அளந்தது அட்டவணையில் ஒரு வரியாக இருக்கட்டும். கிணற்று எண், ஊர், தேதி, நேரம், குறிப்பேட்டில் உள்ளபடியே அளவு, அதன் அலகு, மீட்டராக மாற்றிய அளவு (அடியை 0.3048-ஆல் பெருக்க வேண்டும்), கைப்பிடிச் சுவரின் உயரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் வேண்டும். சுவரின் விளிம்பிலிருந்து அளந்துவிட்டு அதன் 3 அடி உயரத்தைக் கழிக்க மறந்தால், நீர் ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கியதாகத் தோன்றும். ஊர்ச் சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு கிணற்றையும் அதே கிணற்றோடு ஒப்பிடுங்கள். பாலாற்று மணலில் தோண்டிய கிணறும் மலையடிவாரப் பாறைக் கிணறும் ஒரே சராசரியில் சேரக் கூடாது.

இவற்றைவிட மாதம் என்னைக் கவலைப்படுத்துகிறது. மே கடுங்கோடை, ஜனவரியோ வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த காலம், அதிலும் 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது. உங்கள் அட்டவணை காட்டும் உயர்வில் பருவத்தின் பங்கு எவ்வளவு, ஆண்டுகளின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது.

குடியாத்தம் விவசாயி:
நேரத்தைக் குறிக்கச் சொன்னது மிகவும் சரி, அம்மா. மும்முனை மின்சாரம் வந்து மோட்டார் ஓடிய பிறகு அளந்தால் தண்ணீர் கீழே கிடக்கும். இரவு முழுவதும் ஊறி, விடியற்காலையில் அதே கிணற்றில் பல படிகள் ஏறி நிற்கும். மோட்டார் போடுவதற்கு முன் அளந்தால்தான் எங்கள் கிணற்றின் உண்மையான மட்டம் தெரியும்.

காட்பாடி மாணவி:
மிக்க நன்றி, ஐயா. அந்தப் பக்கத்தில் ஐந்து கிணறுகளுக்கு 0 என்றே எழுதியிருக்கிறது. வரும் மே மாதம் நாற்பது கிணறுகளையும் விடியற்காலையில் மீண்டும் அளக்கிறேன். பழைய அரசு அட்டவணைகளில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றுள்ள மழையளவை இன்றைய வேலூரோடு ஒப்பிடலாமா?

நீரளவையாளர்:
மாவட்ட மொத்தத்தை அப்படியே ஒப்பிடக் கூடாது. 1989-இல் திருவண்ணாமலைப் பகுதி பிரிந்தது. 2019-இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. அன்றும் இன்றும் அதே இடத்தில் இருக்கும் மழைமானி நிலையங்களை மட்டும் எடுத்து, நிலையத்தின் பெயரையே அட்டவணையில் எழுதுங்கள்.