ஹீட் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கு, படுக்கையறை 18 பாகையைத் தாண்டுதில்லை. உதவி தேவை

ஹரோவாசி:
1930களில கட்டின மூண்டு அறை செமி (ஒரு பக்கம் பக்கத்து வீட்டோட ஒட்டின) வீடு, லண்டன் ஹரோ. காஸ் போய்லரைக் கழட்டிப்போட்டு 8 கிலோவாட் எயார் சோர்ஸ் ஹீட் பம்ப் (வெளிக்காத்தில இருந்து சூடெடுத்து வீட்டுத் தண்ணியைச் சூடாக்கிற கரண்ட் மெசின்) பூட்டியிருக்கு. மெசினுக்கும் ரேடியேற்றருக்கும் இடையில 50 லீற்றர் பஃபர் ராங்க் (சுடுதண்ணி தங்கிப் போற தாங்கி). ஃப்ளோ, அதாவது மெசினால வெளிவாற தண்ணியின்ர சூடு, 55 பாகையில நிலையா வைச்சிருக்கு. ரைமரில காலமை 6–9, பின்னேரம் 5–10 கூடின சூடு, மற்ற நேரம் குறைச்சு விட்டிருக்கு. போன கிழமை வெளியில 2–5 பாகை. ஏழு நாளில 266 யுனிற் கரண்ட் எடுத்து 690 யுனிற் சூடு குடுத்ததா திரை காட்டுது. கரண்ட் 26 பென்ஸ், காஸ் 6.5. வெளி மெசினில ஐஸ் பிடிக்குது, இடைக்கிடை புகை மாதிரிக் கிளம்புது. மெசின் பழுதோ? காஸோடயே இருந்திருக்கலாமோ?

சூட்டுக்கணக்கு:
690ஐ 266ஆல பிரிச்சால் 2.6, அதாவது ஒரு யுனிற் கரண்டுக்கு 2.6 யுனிற் சூடு. மெசின் ஓடுது, செற்றிங்தான் பிழை. உங்கட கரண்ட் செலவு 69 பவுண். இதே சூட்டுக்கு 88 வீதத் திறனுள்ள போய்லர் 784 யுனிற் காஸ் எரிக்கும், 51 பவுண். கரண்ட் விலை நாலு மடங்கு எண்டபடியா 3.5க்கு மேல போனால்தான் உங்களுக்கு லாபம். பூட்டினவர் 55இல விட்டிட்டுப் போறது வீட்டுக்காரருக்குச் செய்யிற அநியாயம். ஃப்ளோவை ஒரு பாகை குறைச்சால் 2–3 வீதம் மிச்சம்.

முதல்ல ரைமரை நிப்பாட்டுங்கோ. 24 கிலோவாட் போய்லர் ஆறின வீட்டைக் கெதியாச் சூடாக்கும், 8 கிலோவாட் மெசினால ஏலாது. இரவில அறைச் சூட்டை 2 பாகைக்கு மேல இறக்காதேங்கோ. வெதர் கொம்பன்சேஷனை (வெளிக்குளிருக்கேற்ப ஃப்ளோவைத் தானா மாத்திற செற்றிங்) போட்டு, வெளியில –3 எண்டால் ஃப்ளோ 45, 15 எண்டால் 28 எண்டு குடுங்கோ. ரேடியேற்றர் வால்வுகளை முழுசாத் திறந்து விடுங்கோ. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் 48 மணித்தியாலம் பொறுங்கோ, சுவர் சூடேற நேரம் வேணும்.

படுக்கையறையில ஒற்றைத் தகடு ரேடியேற்றரோ? 1000 வாட் எண்டு எழுதியிருக்கிறது தண்ணிக்கும் அறைக்கும் 50 பாகை வித்தியாசம் இருந்தால்தான். 45 போய் 40 திரும்பினால் சராசரி 42.5, 20 பாகை அறையில வித்தியாசம் 22.5, கிடைக்கிறது 350 வாட்தான். அதே நீளத்தில இரட்டைத் தகடு, ரைப் 22, முக்கால் பங்கு கூடத் தரும்.

குளிர்காலம்:
புகையில்லை, நீராவி. ஈரக் காத்தில 0–5 பாகைக்குள்ளதான் ஐஸ் கூடப் பிடிக்கும். மெசின் சில நிமிசம் திருப்பி ஓடி, வீட்டுத் தண்ணியின்ர சூட்டை எடுத்து அதை உருக்கும். உருகி முடிய வெளி மெசினின்ர தகடுகள் கறுப்பாத் தெரிஞ்சால் சரி. அடியில கட்டியா நிண்டால் வடிகால் துளையில சருகு அடைச்சிருக்கும். கத்தியால சுரண்டாதேங்கோ, தகடு மடியும். இளஞ்சூட்டுத் தண்ணி ஊத்துங்கோ. துளை துப்புரவா இருந்தும் உருகாட்டில் மெசினுக்குள்ள இருக்கிற குளிரூட்டி வாயு குறைஞ்சிருக்கலாம், அது எஃப்-காஸ் (அந்த வாயுவைக் கையாளுற) சான்றிதழ் உள்ளவரின்ர வேலை.

சூட்டுக்கணக்கு:
பஃபரின்ர நாலு குழாயிலயும் வெப்பமானி கொழுவி, அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கோ.

ஹரோவாசி:
செற்றிங்கை மாத்திப்போட்டு அளந்தன். பஃபருக்குள்ள போறது 46, ரேடியேற்றருக்குப் போறது 41. திரையில தண்ணி ஓட்டம் நிமிசத்துக்கு 14 லீற்றர். ரேடியேற்றர் பம்ப் 3ஆம் வேகம்.

சூட்டுக்கணக்கு:
பிடிபட்டிட்டுது. ரேடியேற்றர் பம்ப் கூட இழுக்க, ஆறி வந்த தண்ணி பஃபருக்குள்ள கலக்குது. நீங்கள் 46க்குக் காசு குடுத்து 41ஐ வாங்கிறியள். வேகத்தை 1க்கு இறக்குங்கோ. இரண்டுக்கும் ஒரு பாகைதான் வித்தியாசம் இருக்க வேணும். 8 கிலோவாட்டை 5 பாகை வித்தியாசத்தில கொண்டுபோக நிமிசத்துக்கு 23 லீற்றர் வேணும், 14 காணாது. வடியை (குழாயில சேறு பிடிக்கிற ஃபில்டரை) கழுவுங்கோ: மெசினை நிப்பாட்டி, இரண்டு பக்க வால்வையும் பூட்டி, கீழ துணி வைச்சிட்டுத் திறவுங்கோ. கறுப்புச் சேறு கிடக்கும்.

புதுசாப்_போடுறவன்:
இதை வாசிக்கப் பயமாக் கிடக்கு. போடலாமோ?

குளிர்காலம்:
இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் 7,500 பவுண் மானியம் இருக்கு, எம்சிஎஸ் (பூட்டுறவருக்கான தரச்சான்று) பதிவுள்ள ஆள்தான் விண்ணப்பிப்பார். காஸை முழுசா வெட்டினால் தினசரிக் கட்டணமும் போகும். ஆனால் சுடுதண்ணித் தாங்கிக்கு அலுமாரியளவு இடம் வேணும். 8 மில்லிமீற்றர் குழாய் ஓடுற வீடெண்டால் குழாய் மாத்திற செலவையும் கேளுங்கோ. அறை அறையாச் சூட்டிழப்புக் கணக்குத் தராதவருக்குக் கையெழுத்து வைக்காதேங்கோ. 50க்கு மேல ஃப்ளோ எண்டு எழுதியிருந்தாலும் அப்பிடித்தான்.

ஹரோவாசி:
வடி கழுவினது, சேறுதான். இப்ப ஓட்டம் 22 லீற்றர், பஃபருக்குள்ள 44 போய் 43 வெளிவருது. அஞ்சு நாள் சராசரி 3.4. படுக்கையறை 19.5. ரைப் 22க்குச் சொல்லியிருக்கு.

சூட்டுக்கணக்கு:
அது பூட்டினவுடன் –3க்குக் குடுத்த 45ஐ 42 ஆக்குங்கோ. 48 மணித்தியாலத்துக்குப் பிறகு நாலு குழாயையும் திரும்ப அளந்து போடுங்கோ.