ராயபுரம் பழைய வீடு: சிவப்புத் தரையை உடைக்கலாமா?

கல்மண்டபம்_வாசி:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் தாத்தா 1956இல் கட்டிய வீடு இப்போது என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. கூடம், இரண்டு அறை, சமையலறை, பின்கட்டு. மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மாடி. தரை முழுக்க ரெட் ஆக்சைடு (சிவப்பு நிறம் கலந்த சிமென்ட் பூச்சு), சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை. ஆயா தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்த தரை. மே மாத மதியத்தில் தலையணைகூட இல்லாமல் அதில் படுத்துத் தூங்கியிருக்கிறோம். அம்மி விழுந்த இடத்தில் ஒரு குழி, சமையலறை வாசலில் ஒரு நீளக் கீறல். மற்றபடி தரை நன்றாகத்தான் இருக்கிறது.

தலைவலி சுவர்தான். கடல் கூப்பிடு தூரம். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை உப்பு பூக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிக்கிறோம். ஆடி பிறப்பதற்குள் அப்பளம் மாதிரி உப்பி உதிர்ந்துவிடுகிறது. காலையில் கூட்டினால் முறத்தில் பாதி வெள்ளைத் தூள்.

இதில் ஊருக்கொரு யோசனை வேறு. மாமியாருக்கு நாகர்கோவில். மொட்டை மாடிக்கு மேலே சாய்வாக ஷீட் போடு, கதவை அயினி மரத்தில் மாற்று என்கிறார். கோவையில் இருக்கும் நாத்தனார் போன வருடம்தான் வீட்டைப் புதுப்பித்தாள். நாலுக்கு இரண்டு விட்ரிஃபைட் டைல்ஸ், கூரை வரை ப்ளைவுட் அலமாரி, ஃபால்ஸ் சீலிங். "அந்தச் சிவப்புத் தரையைப் பெயர்த்துப் போடுங்கள் அண்ணி, பழைய போஸ்ட் ஆபீஸ் மாதிரி இருக்கிறது" என்று வீடியோ காலில் சிரிக்கிறாள். காரைக்குடியில் பெண் எடுத்த பெரியப்பா மகன், போட்டால் ஆத்தங்குடிக் கல்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.

பார்த்துவிட்டுப் போன கான்ட்ராக்டர் சொன்னது: தரையை உடைக்க வேண்டாம், அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டலாம், சுவரிலும் நாலடிக்கு டைல்ஸ் ஏற்றிவிட்டால் உப்பு கண்ணுக்கே தெரியாது.

கையில் ஆறு லட்சம் இருக்கிறது. எதில் கை வைப்பது?

செட்டிநாட்டுக்காரன்:

எங்கள் ஊர்ச் சரக்கை நானே வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமென்ட் பாலை ஊற்றி, அதன் முதுகில் மணலும் சிமென்டும் வைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுப்பது. கண்ணாடி பட்ட முகம்தான் அந்தப் பளபளப்பு. மேலே கிளேஸ், அதாவது கண்ணாடி போன்ற மேல்பூச்சு, எதுவும் கிடையாது. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகேறும். ஆனால் அடியிலிருந்து ஈரமும் உப்பும் ஏறினால் நேராகக் கல்லின் முகத்துக்கே வந்து வெள்ளை பூக்கும். அதைப் போக்க யாராவது ஆசிட் ஊற்றினால் பூவேலைப்பாடு அதோடு சரி.

எங்கள் பக்கம் பூமி வறண்டது, வீடும் தெருவிலிருந்து நாலைந்து படி ஏறி நிற்கும். அதனால் அங்கே நிலைக்கிறது. ஆசைக்கு மாடியில் ஓர் அறை கட்டினால் அங்கே போடுங்கள். தரைத்தளத்தில் வேண்டாம்.

மரக்கதவு தேவைப்பட்டால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கதவு, நிலை எல்லாம் கிடைக்கும். பேரம் பேசத் தெரிந்த ஆளைக் கூட்டிப்போங்கள். மாப்பிள்ளை வீட்டார் மாதிரி போய் நின்றால் விலை இரண்டு மடங்கு.

காசிமேடு_கொத்தனார்_மகன்:

அக்கா, கான்ட்ராக்டர் பேச்சைக் கேட்காதீர்கள். நாங்கள் கேட்டுப் பட்டவர்கள்.

எங்கள் வீட்டில் 2017இல் அதே நாலடி டைல்ஸ் ஏற்றினோம். முதல் வருடம் அருமை. மூன்றாவது வருடம் டைல்ஸுக்கு மேலே, ஐந்தரை அடியில் உப்பு பூத்தது, சாமி படத்துக்குப் பக்கத்தில். ஊரில் இருந்த அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். வழியை அடைத்தால் வேறு வழியில் ஏறத்தானே செய்யும் என்றார். சுவர் மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறது, அது காய்கிற இடத்தில் உப்பை விட்டுவிட்டுப் போகிறது. கீழே காய விடாமல் மூடினால் இன்னும் மேலே போய்க் காய்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

உங்கள் வீட்டுச் செங்கல் சுண்ணாம்புக் கலவையில் கட்டியதாகத்தான் இருக்கும். நடுவில் யாரோ மேலே சிமென்ட் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சை உப்புக் கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை செங்கல் தெரியக் கொத்தி எடுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதம் சுவர் அம்மணமாகக் காயட்டும். சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை. பட்டி, பிளாஸ்டிக் பெயின்ட் இரண்டும் கூடவே கூடாது. சுண்ணாம்புப் பூச்சும் சில வருடத்தில் உதிரும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உதிர்வது பூச்சு, செங்கல் அல்ல. கலவைக்குப் போர் தண்ணீர் ஊற்றவிடாதீர்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். மெட்ரோ வாட்டர் பிடித்து வையுங்கள்.

தரைக்கு ஒரு சோதனை. இரண்டடிச் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் ஷீட் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டின் அடியில் நீர் கோத்திருந்தால் ஈரம் கீழிருந்து ஏறுகிறது. அந்தத் தரைமேல் டைல்ஸ் ஒட்டினால் மிச்சம் இருக்கிற ஈரமும் சுவரைத்தான் தேடிப் போகும்.

இன்னொன்று, உங்கள் வாசல் தெருவை விடத் தாழ்வா? நம் பக்கத்தில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் ரோடு மேலேயே ரோடு போட்டுப் போட்டு, ஏறிப் போன வீட்டுக்கெல்லாம் இப்போது இறங்கிப் போகிறோம்.

ரெட் ஆக்சைடு ஒட்டுப் போட்டால் நிறம் ஒத்துப்போகாது. குழியைச் சதுரமாக வெட்டிக் கறுப்பில் போட்டுவிடுங்கள், ஓரப் பட்டையோடு சேர்ந்து வேண்டுமென்றே போட்ட மாதிரி இருக்கும்.

எர்ணாவூர்_அக்கா:

தம்பி சொன்னது எல்லாம் சரி. நான் சமையலறை பற்றி மட்டும் சொல்கிறேன்.

கோவையில் ப்ளைவுட் அலமாரி தரை வரை இறங்கலாம்மா. நமக்கு ஆகாது. 2015 டிசம்பரில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கீழ் அலமாரி எல்லாம் ஊறிய ரஸ்க் மாதிரி ஆனது. திரும்பவும் செய்தேன், இந்த முறை ஐஎஸ் 710 முத்திரை போட்ட, தண்ணீர் தாங்கும் மரைன் ப்ளை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது, எங்கள் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. ப்ளை உப்பவில்லை, உண்மை. ஆனால் கறையும் வாடையும் போகவில்லை, கழற்றித்தான் போட்டேன்.

இப்போது மேடைக்குக் கீழே எங்கள் அம்மா காலத்து மாதிரியே கடப்பா கல் தட்டு, தரையிலிருந்து ஓரடி உயரத்தில். கதவு அலுமினியம். தண்ணீர் வந்தால் கழுவிவிட்டுச் சோறு வடிக்கலாம். ப்ளை வேண்டுமென்றால் மேல் அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல் கிரில்லுக்கு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடுவதாக இருந்தால் 316 என்ற ரகத்தைக் கேளுங்கள். 304கூட நம் காற்றுக்கு டீக்கறை மாதிரி புள்ளி விழுகிறது. கடையில் 202ஐக் காட்டி எல்லாம் ஒன்றுதான் என்பார்கள். நான் ஏமாந்திருக்கிறேன்.

பொள்ளாச்சி_வேம்பு:

உங்கள் நாத்தனாருக்காக ஒரு வார்த்தைங்க. எங்கள் ஊர்க் காய்ந்த காற்றில் ப்ளைவுட் பத்து வருடம் கழித்தும் வாங்கினபடியே இருக்கும். அவர் தன் அனுபவத்தைத்தான் சொல்கிறார். ஆனால் மெட்ராஸ் டெரஸுக்கு அடியில் ஃபால்ஸ் சீலிங் மட்டும் வேண்டாம். உத்திரத்தில் கரையான் ஏறினாலும், மழை ஒழுகினாலும், அட்டை இடிந்து தலையில் விழும்போதுதான் தெரியும்.

கல்மண்டபம்_வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஷீட் ஒட்டிப் பார்த்தேன். கூடத்தில் துளித்துளியாக நீர், சமையலறையில் ஷீட்டின் அடியில் கோலம் போடலாம் போல. அளந்தும் பார்த்தேன், வாசல்படி தெருவை விட ஏழு அங்குலம் கீழே. சின்ன வயதில் இரண்டு படி ஏறி உள்ளே போனது நினைவிருக்கிறது.

ஆகவே தரையைத் தொடவில்லை. பங்குனியில் சுவரைக் கொத்த ஆரம்பிக்கிறோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு பெரியவர் பழைய வண்ணாரப்பேட்டையில் கிடைத்திருக்கிறார். கூலி அதிகம், மெதுவாகத்தான் செய்வேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சுண்ணாம்புக் கலவையில் சேர்க்கக் கடுக்காய் ஊறவைக்க இரண்டு பிளாஸ்டிக் டிரம் கேட்டிருக்கிறார். சமையலறைக்குக் கடப்பா கல். மாமியாரின் ஷீட் யோசனையை மட்டும் பாதி எடுத்துக்கொண்டோம். மேலே பதித்த தட்டு ஓடுகள் விரிசல் விட்ட பின்கட்டு மாடிக்கு மட்டும், அதுவும் புயல் காற்றுக்குத் தாங்குகிற மாதிரி தாழ்வாக.

நாத்தனாரிடம் இன்னும் சொல்லவில்லை. சித்திரை லீவுக்கு வருகிறாள், வந்து செங்கல் சுவரைப் பார்த்துக்கொள்ளட்டும்.

@காசிமேடு_கொத்தனார்_மகன், அம்மி விழுந்த குழியைக் கறுப்பில் போடச் சொன்னீர்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, அது அப்படியே இருக்கட்டும் என்கிறார். கால் தடுக்காமல் இருக்க ஓரத்தை மட்டும் மழுக்க வழி உண்டா?