மாமாவின் கண்ணில் மறுபடியும் சதை

நாவலடி மாமி: பிள்ளைகள், மாமாவின் வலது கண்ணில் சதை மறுபடியும் வளர்கிறது. வெட்டி 7 மாதம்தான். மூக்குப் பக்கமிருந்து சிவந்த நரம்புகளோடு கருவிழிமேல் ஏறி நிற்கிறது.

தம்பி (கட்டார்): முதலில் வெட்டியதே சரியில்லை. வேறு இடத்தில் உடனே வெட்டுவோம். காசு நான் அனுப்புகிறேன்.

களுவாஞ்சிக்குடி அக்கா: அவசரப்படாதே தம்பி. கண் கிளினிக்கில் 11 வருடம் நின்றவள் சொல்கிறேன். திரும்பி வரும் சதை முதலாவதைவிடத் தடித்து, ஒட்டிப் பிடித்து வரும். கண்டபடி வெட்டினால் இன்னும் வேகம் கொள்ளும். மாமி, சதையை எடுத்த இடத்தில் மேல் இமைக்குக் கீழே மறைந்திருக்கும் வெள்ளை விழியிலிருந்து மெல்லிய சவ்வு எடுத்து ஒட்டினார்களா? கிளினிக் கொப்பியைப் படம் எடுத்துப் போடுங்கள்.

நாவலடி மாமி: [படம்]

அக்கா: ஒட்டவில்லை. அப்படி வெறுமனே விட்டால் மூன்றில் ஒருவருக்காவது திரும்பி வரும். ஒட்டினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். சொட்டு மருந்து முழுக்க விட்டாரா?

நாவலடி மாமி: 3 கிழமையோடு நிறுத்திவிட்டுத் தோணி ஏறிவிட்டார்.

மாமா: மீன் படுகிற நேரம் மகள், வீட்டில் எப்படி இருப்பது? கறுப்புக் கண்ணாடி போட்டால் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாகப் படிகிறது. வலைக்கண் தெரிவதில்லை.

அக்கா: விளங்குகிறது மாமா. ஒரு போத்தல் நல்ல தண்ணீரும் பருத்தித் துணியும் தோணியில் வையுங்கள், கழுவிக் கழுவிப் போடலாம். பக்கமும் மூடிய கண்ணாடி, அகன்ற தொப்பி. கச்சான் காற்றும் வெயிலும்தான் இந்தச் சதைக்குத் தீனி.

நாவலடி மாமி: பக்கத்து வீட்டில் தாய்ப்பால் விடச் சொல்கிறார்கள்.

அக்கா: வேண்டவே வேண்டாம் மாமி, கிருமி தொற்றும். மிச்சமிருக்கும் பழைய சொட்டையும் விடாதீர்கள். அது ஸ்டீரொய்ட், கேட்காமல் விட்டால் கண் அழுத்தம் கூடும். டார்ச் அடித்துப் பாருங்கள், சதை நுனிக்கும் கண்மணிக்கும் நடுவில் இடம் இருக்கிறதா?

நாவலடி மாமி: இருக்கிறது. ஓர் அரிசி அகலம்.

அக்கா: அப்படியென்றால் நாளெடுத்து முடிவு செய்யலாம். ஆனால் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது. இந்தக் கட்டத்தில் மருந்தால் அடக்கப் பார்ப்பார்கள். பார்வை மங்கினால், உருவம் இரண்டாகத் தெரிந்தால், அப்போது சவ்வு ஒட்டி வெட்டுவது பற்றிப் பேசுவோம். தம்பி, காசை அதற்கு வைத்திரு.

மாமா: திங்கட்கிழமை கடலுக்குப் போகவில்லை.

அக்கா: காலை 7 மணிக்குக் கல்லடிப் பாலத்தடியில் நிற்பேன். கொப்பியை மறக்காதீர்கள்.