வேகனில் டிரை டிரான்ஸ்பர் எழுத்து: மறக்க முடியாத அனுபவங்கள்

கானாடுகாத்தான்காரன்
எச்ஓ அளவு (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) மாடல் ரயிலில் ஒரு பாக்ஸ்என், அதாவது மேல் திறந்த சரக்கு வேகன். எழுத்துக்கு டிரை டிரான்ஸ்பர் ஷீட், தாளின் மேல் தேய்த்தால் அடியிலுள்ள எழுத்து வேகனில் ஒட்டிக்கொள்ளும். காரைக்குடி யார்டில் நின்ற ஒன்றின் 11 இலக்க எண்ணைக் குறித்து வந்து, ஒவ்வொரு இலக்கமாக வெட்டித் தேய்த்து முடித்திருந்தேன். பக்கத்து வளவில் ஒரு பெரியவர், ரயில்வேயில் வேகனுக்கு எழுத்து அடித்து ஓய்வு பெற்றவர், பார்க்க வந்தார். முகப்பு வெளிச்சத்துக்கு எடுத்துப் போய், தொடாமல் நகத்தை எண்ணுக்குக் கீழே நகர்த்திக்கொண்டே வாசித்தார். "மூணாவது நாலாவது 06, நம்ம சதர்ன். அடுத்த ரெண்டும் கட்டின வருஷம்." அப்புறம் வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார்: முதல் பத்து இலக்கங்களில் இரட்டை இடத்தில் இருப்பவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்கி, ஒற்றை இடத்து இலக்கங்களையும் அதோடு சேர்த்து, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கமாம். "சரியா வருது தம்பி, நெசமான வண்டிதான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

உடனே அடுத்தது: "ஆனா இது தகடு வச்சு அடிச்ச எழுத்து இல்லையே. சைபர்ல விடுபட்ட இடம் எங்கே?" ஸ்டென்சில் தகட்டில் சைபரின் நடுத்துண்டு விழாமல் இருக்க விடும் இடைவெளியைச் சொல்கிறார். ஷீட்டில் எல்லாம் முழு எழுத்து. அதிலிருந்து அந்த வேகனைப் பார்த்தால் சைபர் மட்டும்தான் கண்ணில் படுகிறது.

தேவகோட்டை ரஸ்தா
அண்ணே, 87-ல் ஒரு பங்கு அளவில் அந்த இடைவெளி மயிரிழைகூட வராது, விட்டுவிடுங்கள். என் கதை வேறு. எங்கள் சித்தப்பா அச்சகத்தில் லெட்ராசெட் (இதே மாதிரி தேய்த்து ஒட்டும் எழுத்து ஷீட்) தேய்த்த காலத்து ஆள். எழுதித் தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அவர் தேய்க்கிறபோது, தாளிலிருந்து விட்ட பகுதி மட்டும் சட்டென்று வெளிறும். கறுப்பு எழுத்தில் அது பளிச்சென்று தெரியும், வேகனுக்கு வேண்டிய வெள்ளையில் தெரியாது, விளக்குக்குச் சாய்த்துச் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு மூலையைத் தூக்கினார், எழுத்தின் வால் தாளோடு வந்தது. பதறாமல் அப்படியே இறக்கி மறுபடி தேய்த்தார், ஒட்டிக்கொண்டது. அந்தக் கை நிதானம் எனக்கு இன்னும் வரவில்லை.

பள்ளத்தூர் மீட்டர்கேஜ்
ரஸ்தா தம்பி சொல்வதை ஏற்க மாட்டேன். பெரியவர் கண்ணுக்குப் பட்டதா இல்லையா? பட்டால் செய்யத்தான் வேண்டும். புது பிளேடு நுனியால் சைபரின் மேலும் கீழும் ஒரு கீறல், செல்லோடேப்பை லேசாக ஒற்றி எடுத்தால் அந்தத் துணுக்கு மட்டும் போய்விடும். மேட் வார்னிஷ் அடிக்கும் முன்பே செய்துவிடுங்கள்.

என்னுடையது சின்ன விஷயம். பழைய திருவாரூர் லைன் நினைவாக 12 மி.மீ. தண்டவாளத்தில் ஒரு மூடு வேகன். சித்திரை வெயிலில் ஷீட் இளகி, நான் தேய்த்த எழுத்தோடு பக்கத்து எழுத்தும் சேர்ந்து இறங்கிவிட்டது. அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன், வேண்டிய எழுத்தை மட்டும் வெட்டி எடுங்கள், அல்லது மற்றவற்றை ஷீட்டோடு வரும் மெழுகுத்தாளால் மூடுங்கள். விடியற்காலையில் வேலை செய்யுங்கள். ஷீட்டைச் சுருட்டாமல் படுக்கையாக வையுங்கள். பழசாகிக் காய்ந்த ஷீட் என்றால் மேசை விளக்கின் சூட்டில் கொஞ்ச நேரம் காட்டினால் பசை உயிர் பெறும். ரிவெட் மேல் நேராகத் தேய்த்தால் எழுத்து வெடிக்கும், அங்கே வெற்று டீகால் தாளில் (நனைத்தால் மெல்லிய படலமாகக் கழன்று ஒட்டும் தாள்) முதலில் தேய்த்து, பிறகு தண்ணீரில் நனைத்து ஒட்டுங்கள். அடியில் கிளாஸ் (பளபளப்பு வார்னிஷ்) பூசுவது கட்டாயம்.

கானாடுகாத்தான்காரன்
கடைசி வரி மட்டும் சரியில்லை அண்ணே. கிளாஸ் டீகாலுக்கு. டிரை டிரான்ஸ்பர் மேட் பெயின்ட் மேலேயே நன்றாகப் பிடிக்கும், ஓரத்தில் படலமும் தெரியாது, அதற்காகத்தானே இதைத் தேய்க்கிறோம். பிளேடு யோசனை சரி. என் எண்ணில் மூன்று சைபர் இருக்கிறது, வேண்டாத ஒரு சைபரைப் பழைய டப்பா மேல் தேய்த்துக் கீறிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.