எக்ஸ்போஷருக்குத் தமிழ்: வெளிப்பாடா, உட்படலா, ஆட்படலா?

க. எழுதியது

வணக்கம்.

மின்காந்தப் புலங்களின் உயிரியல் விளைவுகள் பற்றிய ஆய்வுகளுக்குத் தமிழ்ச் சுருக்கம் எழுதும்போது ஒரு சொல் மட்டும் இன்னும் காலில் இடறுகிறது: எக்ஸ்போஷர், அதாவது உடலோ செல்லோ ஒரு புலத்தின் பிடியில் இருப்பது. அதிர்வெண், காந்தப்பாய அடர்த்தி, திறன் அடர்த்தி எல்லாம் பாடநூல்களிலேயே கிடைக்கின்றன. திசு புலத்தின் ஆற்றலை உள்வாங்கும் வேகத்தைச் சொல்லும் எஸ்.ஏ.ஆர். (ஸ்பெசிஃபிக் அப்சார்ப்ஷன் ரேட்) என்பதற்குத் 'தன் உட்கவர் வீதம்' என்று வைத்தாயிற்று. இணையத்தில் உலவும் 'குறிப்பிட்ட உறிஞ்சுதல் விகிதம்' இரண்டு இடத்தில் பிழை. அங்கே வரும் ஸ்பெசிஃபிக், ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று சொல்லும் சொல். தன்வெப்பத்தில் வரும் அதே 'தன்'. விகிதம் என்பது இரண்டு எண்களின் ஒப்பு. இதுவோ நொடிக்கு எவ்வளவு ஆற்றல் என்ற கணக்கு, ஆகவே வீதம். இது முடிந்த கதை.

முடியாதது எக்ஸ்போஷர். எல்லோரும் 'வெளிப்பாடு' என்றே எழுதுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு செல் ஆய்வைச் சுருக்கிப் பாருங்கள்:

"900 மெகாஹெர்ட்ஸ் வெளிப்பாட்டுக்குப் பின் மரபணு வெளிப்பாடு மாறவில்லை."

முதல் வெளிப்பாடு புலம் செல்லின் மேல் வந்தது. இரண்டாவது, மரபணு தன் வேலையைக் காட்டியது. இந்தத் துறையில் இரண்டும் ஒரே வரியில் வருவது அன்றாடம். அதோடு திசையும் தலைகீழ். வெளிப்படுவது என்றால் உள்ளிருந்து வெளியே வருவது. 'கைபேசியின் வெளிப்பாடு' என்று படிப்பவர், கைபேசி வெளிவிடும் திறன் என்றே எடுத்துக்கொள்வார். ஆன்டெனா 0.25 வாட் வெளிவிடுவது ஒன்று, தலையின் திசு எவ்வளவு பெறுகிறது என்பது வேறொன்று. இடையில் தொலைவு, கை பிடித்த விதம், திசுவின் மின்கடத்துமை எல்லாம் நிற்கின்றன.

மாற்றுச் சொல் சொல்லுங்கள்.

ம. எழுதியது

> மாற்றுச் சொல் சொல்லுங்கள்.

எந்தச் சொல் வந்தாலும் சரி, 'தாக்கம்', 'பாதிப்பு' இரண்டும் வேண்டாம் என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிடுவோம், ஐயா. நாளிதழ்களில் இவைதான் வருகின்றன: "கதிர்வீச்சுத் தாக்கத்துக்கு உள்ளான எலிகள்", "கதிர்வீச்சுப் பாதிப்புக்கு ஆளானோர்". ஆய்வு தொடங்குமுன் தீர்ப்பு எழுதியாகிவிட்டது! தாக்கம் உண்டா இல்லையா என்பதுதானே கேள்வி. "தாக்கத்துக்கு உள்ளான எலிகளில் தாக்கம் எதுவும் காணப்படவில்லை" என்று எழுத நேர்ந்தால் சிரிப்பார்கள்.

விளைவு, பாதிப்பு இரண்டையும்கூடப் பிரித்தே ஆள வேண்டும். அளக்கக்கூடிய எந்த மறுவினையும் உயிரியல் விளைவுதான். அது நலக்கேடாக இருக்க வேண்டியதில்லை. தோலில் இரத்த ஓட்டம் கூடி வெப்பத்தை வெளியேற்றுவது விளைவு. உடலால் சமாளிக்க முடியாத அளவுக்குப் போனால் பாதிப்பு. அயனியாக்காக் கதிர்வீச்சிலிருந்து பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம், சுருக்கமாக ஐக்னிர்ப், 2020 வழிகாட்டுதலில் உடலின் மைய வெப்பநிலை 1 டிகிரி உயர்வதைத் தீங்கின் எல்லையாக எடுத்துக்கொண்டது. முழு உடல் சராசரித் தன் உட்கவர் வீதம் கிலோவுக்கு 4 வாட் என்பதை அதற்குரிய அளவாக வைத்து, பணியில் இருப்போருக்கு 10இல் ஒரு பங்கு 0.4, பொதுமக்களுக்கு 50இல் ஒரு பங்கு 0.08 என்று வரம்பு கட்டியது. விளைவு, பாதிப்பு, வரம்பு மூன்றும் வேறு வேறு படிகள் என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

புதுச் சொல்லிடம் என் எதிர்பார்ப்பு இது. வினையாக வர வேண்டும், எச்சமாக வர வேண்டும், எதிர்மறை ஏற்க வேண்டும். எக்ஸ்போஷர் லிமிட், எக்ஸ்போஷர் அசெஸ்மென்ட், அன்எக்ஸ்போஸ்டு, ஷாம் எக்ஸ்போஷர் (புலம் மட்டும் இல்லாமல் மற்றதெல்லாம் அப்படியே செய்வது) நான்கும் அதிலிருந்தே பிறக்க வேண்டும். பெயர்ச்சொல்லாக மட்டும் அழகாக நிற்கும் சொல் இரண்டாம் பத்தியிலேயே கழன்றுவிடும்.

என் முன்மொழிவு 'உட்படல்'. "சோதனைக்கு உட்படுத்தினர்" என்று எல்லோரும் எழுதுகிறோம், புதிதாகக் கற்க எதுவும் இல்லை.

சி. எழுதியது

உட்படல் பேச்சுக்கு நன்றாக இருக்கிறது, அம்மா. அட்டவணைக்குள் போனால் உடைகிறது. இதைப் பாருங்கள்:

"ஆய்வுக்கு உட்படாதோர்" — ஆய்வில் சேர்க்கப்படாதவர்.
"புலத்துக்கு உட்படாதோர்" — ஆய்வில் இருக்கிறார், புலம் மட்டும் படாதவர்.

அட்டவணைத் தலைப்பில் இடம் குறைவு. 'உட்படாதோர்' என்று மட்டும்தான் நிற்கும். ஒப்பீட்டுக் குழுவையும் விலக்கப்பட்டவரையும் வாசகர் குழப்பிக்கொள்வார். "வரம்புக்கு உட்பட்ட உட்படல்", "குழந்தைகள் உட்பட உட்பட்டோர்" போன்றவை வேறு காத்திருக்கின்றன.

பேச்சுவழக்கிலிருந்து எடுத்தால் 'படுதல்' தான் தாய்ச்சொல். வெயில் படாமல் வை, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள் என்கிறோம். நல்லதா கெட்டதா என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் படுகதிர், படுகோணம் என்று ஒளியியல் அதை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. நமக்கும் இன்சிடென்ட் ஃபீல்டுக்குப் 'படுபுலம்' தேவை. பரப்பை வந்தடையும் புலம் வேறு, ஒருவர் எவ்வளவு நேரம் எந்த அளவில் அதில் இருந்தார் என்பது வேறு. இன்னொரு வேடிக்கை: புலத்தையும் படலையும் சேர்த்தால் 'புலப்படல்' ஆகிவிடும். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கு அந்தப் பெயர்!

'உறுதல்' பார்த்தேன். புலமுற்ற செல்கள், புலமுறாத செல்கள். கேட்க இனிமை. பிறவினைக்குப் போனால் 'உறுத்து'. கண்ணில் தூசி விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது, விட்டுவிட்டேன்.

மிஞ்சுவது 'ஆட்படல்'. ஆட்படு, ஆட்பட்ட, ஆட்படாத, ஆட்படுத்து, ஆட்படுத்திய. எல்லா வடிவமும் தடையில்லாமல் வருகின்றன. எதோடு மோதுகிறது என்று தேடினேன். துறைக்குள் எதுவும் அகப்படவில்லை.

அதைவிட எனக்குப் பிடித்த காரணம் வேறு. ஆங்கிலச் சொல் மறைத்துவிடும் ஒன்றைத் தமிழ் தானாகக் காட்டும். தன்வினை ஆட்படல்: ஒருவர் தம் வாழ்க்கைப் போக்கில் புலத்தில் இருக்கிறார், நாம் மதிப்பிடுகிறோம். பிறவினை ஆட்படுத்தல்: ஆய்வாளரே புலத்தை உண்டாக்கி, அளவை நிறுத்தி, எலியையோ செல்லையோ அதில் வைக்கிறார். ஒரு சுருக்கத்தைப் படிப்பவருக்கு இது கூர்ந்தறி ஆய்வா சோதனையா என்பது வினையிலேயே தெரிந்துவிடும்.

ம. எழுதியது

> இது கூர்ந்தறி ஆய்வா சோதனையா என்பது வினையிலேயே தெரிந்துவிடும்.

இதைத்தான் சோதித்துப் பார்த்தேன். எல்லோருக்கும் தெரிந்த மூன்று ஆய்வுகளை எடுத்துக்கொண்டேன்.

1979இல் வெர்தைமரும் லீப்பரும் அமெரிக்காவின் டென்வரில் குழந்தைப் புற்றுநோய் பற்றிச் செய்த ஆய்வு. வீட்டருகே போகும் மின்கம்பிகளின் தடிமன், தொலைவு, மின்மாற்றியின் இடம் இவற்றைப் பார்த்து வீடுகளை வகை பிரித்தார்கள். புலத்தை அளந்து அல்ல, கம்பியைப் பார்த்துத்தான் வகைப்பாடு. ஆகவே "கம்பி அமைப்பை வைத்து ஆட்படலை ஊகித்தனர்". இங்கே ஆட்படுத்தல் என்று எழுதவே முடியாது.

இரண்டாவது, கைபேசியும் மூளைக் கட்டியும் பற்றிய இன்டர்ஃபோன் ஆய்வு, 13 நாடுகள், 2010 முடிவு. பங்கேற்றோரிடம் எத்தனை ஆண்டு, எத்தனை மணி நேரம் கைபேசியில் பேசினீர்கள் என்று கேட்டார்கள். மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் என்று சொன்ன குழுவில் கிளையோமா என்ற மூளைக் கட்டிக்கான வாய்ப்பு விகிதம் (1 என்றால் வேறுபாடு இல்லை) 1.40, வழக்கமான பயனர் எல்லோரையும் சேர்த்தால் 0.81. நாளொன்றுக்கு நம்ப முடியாத அளவு நேரம் சொன்னவர்களும் அந்த உச்சக் குழுவில் இருந்தார்கள். இதற்கு "நினைவிலிருந்து மதிப்பிட்ட ஆட்படல்". இதில் வரும் பிழைக்கு 'ஆட்படல் வகைப்பிழை' என்று எழுதினேன். சுருக்கமாகவும் தெளிவாகவும் நிற்கிறது.

மூன்றாவது, அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம், 2018 அறிக்கை. எலிகளை எதிரொலி அறைகளில் வைத்து 10 நிமிடம் அலை, 10 நிமிடம் நிறுத்தம் என்று, நாளுக்கு மொத்தம் ஏறத்தாழ 9 மணி நேரம், இரண்டு ஆண்டுகள். முழு உடல் தன் உட்கவர் வீதம் கிலோவுக்கு 1.5, 3, 6 வாட். இது ஐயமில்லாமல் ஆட்படுத்தல். ஆண் எலிகளின் இதயத்தில் ஷ்வானோமா என்ற நரம்புறைக் கட்டி கூடியது. அதே ஆண் எலிகள் ஒப்பீட்டுக் குழுவைவிட நீண்ட நாள் வாழவும் செய்தன. "பாதிப்புக்கு உள்ளான எலிகள் நீண்ட நாள் வாழ்ந்தன" என்று எழுதிப் பாருங்கள். "ஆட்படுத்திய எலிகள்" என்றும் எழுதிப் பாருங்கள். இரண்டாவதில்தான் முடிவு வாசகரிடம் விடப்படுகிறது.

ஆக, என் முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன். ஒரே ஒரு நெருடல்: 'ஆள்' உள்ளே இருக்கிறதே? பெட்ரி தட்டில் இருக்கும் செல் ஆட்படுமா? அடிமைப்படுதல் என்ற பழம்பொருளும் நிழலாக நிற்கிறது.

சி. எழுதியது

அந்த நிழல் மங்கி வெகுநாள் ஆயிற்று, அம்மா. "சினத்துக்கு ஆட்பட்டான்" என்பதில் யாரும் சேவகத்தைக் காண்பதில்லை. ஒன்றின் ஆளுகைக்குள் வருதல் என்ற அளவில்தான் இன்று நிற்கிறது; நமக்கும் அதுதான் வேண்டும். செல்லுக்கு ஆட்படுத்திய என்ற பிறவினையையே எழுதப் போகிறோம், அதில் நெருடல் இன்னும் குறைவு.

'ஆட்பாடு' என்று சுருக்க வேண்டாம் என்பது என் கருத்து. அழகாக இருந்தாலும் தேடுபொறியில் ஆட்படு, ஆட்படல், ஆட்படுத்தல் என்ற குடும்பத்தோடு அது சேராது. கூட்டுச் சொற்களை இடைவெளி விட்டே எழுதுவோம்: ஆட்படல் வரம்பு, ஆட்படல் மதிப்பீடு, ஆட்படல் நேரம், பணிவழி ஆட்படல். புணர்ச்சியில் ஒட்டவைத்து எழுதினால் உரைத்தேடலில் சொல் தொலையும்.

க. எழுதியது

ஏற்கிறேன். ஷாம் எக்ஸ்போஷர் பாக்கி இருக்கிறது, அதில்தான் வழுக்குகிறது. 'போலி ஆட்படுத்தல்' என்று எழுதினால் ஏமாற்று வேலை போல ஒலிக்கும். செய்முறையோ நேர்மாறு, ஆய்வின் நேர்மையே அதில்தான் இருக்கிறது.

50 ஹெர்ட்ஸ் காந்தப்புலச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். செல் வளர்ப்புப் பெட்டிக்குள் கம்பிச்சுருள். மின்னோட்டம் ஓடினால் புலம் மட்டும் வராது, சுருளும் சூடாகும், மெல்ல அதிரவும் செய்யும். ஒப்பீட்டுச் சுருளை வெறுமனே அணைத்து வைத்தால் இரு பெட்டிக்கும் வேறுபாடு புலம் மட்டுமல்ல, வெப்பமும்தான். ஆகவே இரண்டு கம்பிகளைச் சேர்த்து இணையாகச் சுற்றுகிறார்கள். இரண்டிலும் மின்னோட்டம் ஒரே திசையில் என்றால் புலம் கூடும். எதிரெதிர் என்றால் புலம் ஏறக்குறைய அழிந்துபோகும், வெப்பம் அதே அளவு நிற்கும். எந்தப் பெட்டி எது என்பதைக் கணினி தீர்மானிக்கும், செல்லை எண்ணுபவருக்குத் தெரியாது.

வானொலி அதிர்வெண்ணில் வெப்பம் இன்னும் முக்கியம். நீர்போன்ற ஊடகத்தில் கிலோவுக்கு 2 வாட் என்றால், வெப்பம் எங்கும் போகாவிட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.03 டிகிரி, ஒரு மணி நேரத்தில் 1.7 டிகிரி ஏறும். குளிர்விக்காமல் செய்த ஆய்வு வெப்பத்தின் விளைவைக் காட்டிவிட்டுப் புலத்தின் பெயரை எழுதும். தட்டின் ஓரத்தில் ஊடகம் வளைந்து ஏறி நிற்குமே, அங்கே உட்கவரலும் நடுவில் உள்ளதைப் போல இராது. சராசரி எண் ஒன்றை மட்டும் கொடுத்தால் போதாது.

இத்தனை கவனமாகச் செய்வதற்குப் 'போலி' என்று எப்படிப் பெயர் வைப்பது?

சி. எழுதியது

போலி முன்னால் நின்றால் கள்ளம், பின்னால் நின்றால் ஒப்பு. போலி மருந்து கள்ளச்சரக்கு, மருந்துப்போலி பிளசீபோ, ஒப்பீட்டுக்குக் கொடுக்கும் மருந்தில்லா மாத்திரை. முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்று இலக்கணம் படித்த யாருக்கும் பின்னால் நிற்கும் போலியில் பழிச்சொல் தெரியாது. ஆகவே 'ஆட்படுத்தற்போலி'. நீளம்தான். அட்டவணையில் 'போலிக் குழு' என்று குறுக்காமல், முதல் தடவை முழுதாக எழுதிப் பின்னர் 'ஆ.போ. குழு' என்று சுருக்கலாம்.

ம. எழுதியது

நன்று. இதனால் இன்னொரு குழப்பமும் தீர்கிறது. ஆட்படுத்தற்போலிக் குழுவை 'ஆட்படாதோர்' என்று எழுதக் கூடாது. வளர்ப்புப் பெட்டியின் விசிறியும் சூடாக்கியும் தாமே பல மைக்ரோடெஸ்லா (காந்தப்புல அலகு) புலத்தை உண்டாக்கும். பெட்டிக்குள் இடத்துக்கு இடம் அது மாறவும் செய்யும். குழந்தைகளின் இரத்தப் புற்று பற்றிய தொகுப்பாய்வுகள் பேசுவது 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவை. பெட்டியின் பின்னணிப் புலத்தை அளந்து எழுதாத சோதனையில் யாரும் ஆட்படாதவர் இல்லை.

அயனியாக்கும் கதிர்வீச்சுக்காரர்களுக்கு எக்ஸ்போஷர் என்பது காற்றில் உண்டாகும் மின்னூட்டத்தின் அளவு; ஒரு ரான்ட்ஜன் என்றால் கிலோவுக்கு 0.000258 கூலும். அதற்கும் ஆட்படலைக் கொடுத்துவிடலாமா?

க. எழுதியது

வேண்டாம். அது காற்றைப் பற்றிய அளவு, அங்கே யாரும் ஆட்படவில்லை. 'காற்று அயனியூட்டம்' என்று தனியே வைப்போம். டோஸ் என்ற சொல்லையும் நம் பக்கம் இழுக்க வேண்டாம். அங்கே உட்கவர்ந்த ஆற்றல் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். இங்கே தன் உட்கவர் வீதத்தை உள்ளூர் அளவுக்கு 6 நிமிடம், முழு உடலுக்கு 30 நிமிடம் என்று சராசரி எடுக்கிறார்கள். திசு சூடேறி நிலைப்பட எடுக்கும் நேரம் அது, வாழ்நாள் கூட்டுத்தொகை அல்ல.

இப்போது முதல் மடலின் வரியைத் திருப்பி எழுதுகிறேன்:

"கிலோவுக்கு 2 வாட் தன் உட்கவர் வீதத்தில் 900 மெகாஹெர்ட்ஸ் புலத்துக்கு 24 மணி நேரம் ஆட்படுத்திய செல்களுக்கும் ஆட்படுத்தற்போலிக் குழுவுக்கும் இடையே மரபணு வெளிப்பாட்டில் வேறுபாடு காணப்படவில்லை."

பொதுமக்களுக்கான கையேட்டில் மட்டும் "உடலில் படும் புலம்" என்றே இருக்கட்டும். மறுப்பு வராவிட்டால் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

சி. எழுதியது

'24 மணி நேரம்' என்பதைப் 'புலத்துக்கு' என்பதற்கு முன்னால் கொண்டுபோகாதீர்கள், புலத்தின் அடையாகிவிடும். மற்றபடி ஏற்றலாம்.